இடக்கைக்கு ஒரு பட்டிங் கத்தி: கிராம், மில்லிமீட்டர், ரூபாய்

0.2 கிராம், 5.2 கிராம். வலக்கைக்காரருக்காகச் செய்த ஒரு மடக்குக்கத்தியை இடக்கைக்காரருக்கு ஏற்றதாக மாற்ற இரண்டு வழிகள் உண்டு. அந்த வழிகளில் சாணைக்கல்லில் தூசியாகிப் போகும் இரும்பின் எடைதான் இவை. பழம் வெட்டவும் கயிறு அறுக்கவும் சட்டைப்பையில் வைத்திருக்கும் கத்தி என்றால் 0.2 கிராமோடு வேலை முடிந்துவிடும். ரப்பர் நாற்றங்காலில் மொட்டு ஒட்டும் பட்டிங் கத்தி என்றால் 5.2 கிராமைக் கொடுத்தும் நல்ல கத்தி கிடைக்காது. நான் பிறந்தது முதல் இடக்கைக்காரன். திருவட்டாறு பக்கம் 50 சென்ட் நிலமும் ஒரு சிறு நாற்றங்காலும் வைத்திருக்கிறேன். இந்த வேறுபாட்டைக் காசு கொடுத்தும் நேரம் கொடுத்தும் கற்றேன். இன்னொருவர் அதே செலவைச் செய்ய வேண்டாம் என்பதற்காகக் கணக்கை முழுதாக எழுதுகிறேன்.

எத்தனை பேருக்கான கணக்கு?

உலகில் நூற்றுக்கு எத்தனை பேர் இடக்கைக்காரர் என்பதற்கு இன்றுள்ள பெரிய கணக்கெடுப்பு 2020இல் வெளியானது. பழைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து, மொத்தம் 23,96,170 பேரின் தரவைப் பார்த்த ஆய்வு அது. அதன் விடை 10.6 சதவீதம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் 18,70,374 பேர் இருந்தார்கள். உலகச் சராசரி இங்கும் பொருந்தும் என்றால் சுமார் 1,98,000 பேர் இடக்கைக்காரர்கள். சிறுவயதிலேயே கையை மாற்றப் பழக்கும் வழக்கத்தைக் கருதிப் பாதியாகக் குறைத்தாலும் 99,000 பேர் தேறுவார்கள்.

சோறு உண்பது, வெற்றிலை கொடுப்பது, காசு நீட்டுவது எல்லாம் வலக்கையால் என்பது நம் வழக்கம். நானும் அவற்றை வலக்கையால்தான் செய்கிறேன். அதில் எனக்குக் குறையில்லை. கூர்மையான கருவியைப் பிடிப்பது மரியாதை பற்றிய காரியம் அல்ல. அங்கே கை தவறினால் விரல் போகும், அல்லது கன்று போகும்.

கத்தியில் எந்தெந்த உறுப்புக்குப் பக்கம் உண்டு?

சாதாரண மடக்குக்கத்தியைப் பிரித்தால் ஐந்தாறு உறுப்புகள்தான். இடம் வலம் பார்ப்பவை எவை, பாராதவை எவை என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. ஆணி: அலகு சுழலும் அச்சு. பக்கம் கிடையாது. மாற்றச் செலவு 0.

2. முதுகு வில்: திறந்த அலகையும் மடக்கிய அலகையும் அழுத்திப் பிடிக்கும் பட்டை. பக்கம் கிடையாது. மாற்றச் செலவு 0.

3. பிடியின் இரு தகடுகள்: பெரும்பாலும் இரண்டும் ஒரே அச்சு. செலவு 0.

4. நகப்பள்ளம்: அலகைத் திறக்க நகம் கோர்க்கும் குழி. பக்கம் உண்டு. வழக்கமான கத்தியை இடக்கையில் பிடித்துக்கொண்டு வலது கட்டைவிரல் நகத்தால் திறக்கும்படியே குழி வைத்திருப்பார்கள். இடக்கைக்காரருக்குக் குழி மறுமுகத்தில் வேண்டும்.

5. வாய்: அலகின் கூர். இருபுறமும் சரிவு வைத்த கத்திக்குப் பக்கம் கிடையாது. ஒருபுறம் மட்டும் சரிவு வைத்து மறுபுறத்தைத் தட்டையாக விட்ட கத்திக்குப் பக்கம் உண்டு. செலவு முழுக்க இங்கேதான்.

6. பூட்டு: உட்தகடே நகர்ந்து அலகைத் தாங்கும் வகைக் கத்தியில், அந்தத் தகட்டை வலது கட்டைவிரலால் தள்ளும்படி செய்திருப்பார்கள். இடக்கைக்காரர் ஆள்காட்டி விரலால் அதை இழுக்க வேண்டியிருக்கும். மூடும் அலகின் பாதையில் விரல் நிற்கும். இந்த வகையைப் பட்டறையில் மாற்ற முடியாது. வாங்காமல் இருப்பதே நல்லது.

உலகின் பெரிய கத்திக் கம்பெனிகள் இந்தச் சிக்கலை இரண்டு விதமாகத் தீர்த்தன. ஒன்று, பக்கமே இல்லாத உறுப்பைக் கண்டுபிடிப்பது. பிரான்சின் ஒப்பினெல் 1955இல் சேர்த்த சுழல்வளையப் பூட்டும், அமெரிக்காவின் ஸ்பைடர்கோ 1981இல் அலகில் போட்ட வட்டத் துளையும் அப்படிப்பட்டவை. எந்தக் கட்டைவிரலும் அவற்றை ஆளலாம். மற்றொன்று, இடக்கைக்கென்றே தனிக் கத்தி செய்வது. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸும் ஒட்டுக்கத்திக்குப் பெயர்பெற்ற ஜெர்மனியின் டினாவும் இடக்கை வகைகளைத் தனியாகவே விற்கின்றன. நம் ஊர்க் கடையில் இடக்கைப் பட்டிங் கத்தி கேட்டபோது கடைக்காரர் என் முகத்தைத்தான் பார்த்தார். அதனால் பட்டறைக்குப் போனேன்.

நகப்பள்ளம்: 0.14 கிராம்

நான் வாங்கிய கத்தியின் அலகு 60 மி.மீ. நீளம், 16 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனம். நகம் கோர்க்க 15 மி.மீ. நீளம், 2 மி.மீ. அகலம், 0.6 மி.மீ. ஆழத்தில் ஒரு பள்ளம் போதும். நேர்ச்சுவர் வைத்து வெட்டினாலும் 18 கன மி.மீ. இரும்புதான் போகும். இரும்பு ஒரு கன செ.மீ.க்கு 7.85 கிராம், ஆகவே 0.14 கிராம்.

இதில் கவனிக்க வேண்டியது இடம். ஏற்கெனவே உள்ள பள்ளத்துக்கு நேர் பின்னால் புதுப்பள்ளம் போட்டால், 2 மி.மீ. கனத்தில் இருபுறமும் 0.6 மி.மீ. போய் நடுவில் 0.8 மி.மீ.தான் மிஞ்சும். முறுக்கினால் அங்கேதான் அலகு ஒடியும். ஆகவே புதுப்பள்ளத்தை 20 மி.மீ.யாவது தள்ளி வைக்க வேண்டும்.

அடுத்தது சூடு. கடினப்படுத்திய அலகில் அரம் ஏறாது. சுழலும் சாணைத் தட்டுதான் ஏறும். கார்பன் எஃகு அலகைப் பதப்படுத்துவது ஏறத்தாழ 200 டிகிரியில். சாணை பிடிக்கும்போது வைக்கோல் நிறம் தெரிந்தால் வெப்பம் 220 டிகிரியை எட்டிவிட்டது. நீலம் தெரிந்தால் 300 டிகிரிக்குப் பக்கம். நீலம் கண்ட இடத்தில் பதம் போய்விட்டது, கூர் நிற்காது. மூன்று விநாடி சாணை, உடனே தண்ணீரில் முக்கல் என்பதே கணக்கு.

வாய்: 5.2 கிராம்

பட்டிங் கத்திக்கு ஏன் ஒருபக்கச் சரிவு? ஒட்டு எடுக்கும் தாய்க்கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, கத்தியைக் குறுக்காகப் பிடித்து, வாயைத் தன் பக்கம் வைத்து இழுக்கிறோம். வலக்கைக்காரர் இழுக்கும்போது அலகின் தட்டை முகம் கீழே கொம்பின்மீது படியும். சரிவு மேலே இருக்கும். தட்டை முகம் வழிகாட்டிப் பலகை மாதிரி வேலை செய்வதால் வெட்டு நேராக ஓடும். அதே கத்தியை நான் இடக்கையில் எடுத்தால் நுனி எதிர்ப்பக்கம் திரும்புகிறது. சரிவு கீழே வந்துவிடுகிறது; தட்டை மேலே போய்விடுகிறது. இப்போது அலகு சரிவின்மேல் ஏறிச் சறுக்கும். வெட்டு நேராக ஓடாமல் குழிந்தும் மேடிட்டும் போகும். பழத்தோலில் இதனால் ஒன்றும் ஆகாது. மொட்டுப் பட்டையில் ஆகும்.

சரிவை மறுமுகத்துக்கு மாற்றினால் என்ன என்று கேட்டேன். பட்டறை ஆசாரி அலகை விரலில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மக்களே, வாயைத் திருப்பணும்னா அலகுல பாதி போயிரும். புதுசா அடிச்சா அந்தச் சேதமே கெடையாது.” நான் கேட்கவில்லை. அவசரப்பட்டு இன்னொரு சாணைக்கடையில் கொடுத்தேன். ஆசாரி சொன்னது உண்மை என்பதைப் பிறகு காகிதத்தில் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

2 மி.மீ. கன அலகில் 20 பாகையில் ஒருபக்கச் சரிவு வைத்தால், சரிவின் உயரம் 5.5 மி.மீ. கூர் தட்டை முகத்தின் ஓரத்தில் இருக்கிறது. அது எதிர்முகத்தின் ஓரத்துக்கு வர வேண்டும். அதற்குப் பழைய சரிவு முழுவதும் போக வேண்டும். பிறகு மறுமுகத்தில் அதே உயரத்துக்குப் புதுச்சரிவு எடுக்க வேண்டும்.

தொடக்க அகலம்: 16 மி.மீ.
மாற்றிய பின் அகலம்: 10.5 மி.மீ.
தொடக்க எடை: 12.5 கிராம்
மாற்றிய பின் எடை: 7.3 கிராம்
சேதம்: 5.2 கிராம், அதாவது நூற்றுக்கு 41 பங்குக்கு மேல்

அகலம் இவ்வளவு குறைந்த அலகு பிடிக்குள் சரியாக உட்காராது. நான் கொடுத்த சாணைக்கூலிக்குக் கிடைத்தது இதுதான்.

நடுவழி: 0.06 கிராம்

மொட்டு ஒட்டாதவர்களுக்கு ஒரு நடுவழி இருக்கிறது. தட்டை முகத்தில் 10 பாகையில், 1 மி.மீ. உயரத்துக்கு மட்டும் ஒரு சின்னச் சரிவு எடுத்தால் போதும். கூர் அரை மி.மீ. பின்வாங்கும். மொத்த வாய்க்கோணம் 30 பாகையாகும். போகும் இரும்பு 0.06 கிராம். இதோடு நகப்பள்ளத்தின் 0.14 கிராமைச் சேர்த்தால், முதல் வரியில் சொன்ன 0.2 கிராம் வந்துவிடும். பை, சாக்கு, கயிறு, பழம், வாழைநார் ஆகியவற்றுக்கு இந்தக் கத்தி இரு கைக்கும் உதவும். வீட்டிலே வலக்கைக்காரரும் இடக்கைக்காரரும் பொதுவாக ஒரு கத்தி வைத்திருந்தால் இதையே செய்துகொள்ளலாம்.

புதிய அலகு: என்ன செய்தார், எத்தனை நேரம்?

இரண்டாம் முறை ஆசாரியிடமே திரும்பிப் போனேன். பழைய கத்தியின் பிடி, வில், ஆணி மூன்றையும் வைத்துக்கொண்டு, தேய்ந்த ஓர் அரத்திலிருந்து புது அலகு அடித்தார். அரத்தில் கார்பன் மிகுதி. மெல்லிய கூருக்கு ஏற்ற இரும்பு.

முதல் நாள்: அரத்தை உலையில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து இரவு முழுதும் ஆறவிட்டார். மெல்ல ஆறினால்தான் துளை போடும் அளவுக்கு மென்மையாகும்.

இரண்டாம் நாள்: உருவம் வெட்டினார், ஆணிக்கு 3 மி.மீ. துளை போட்டார், நகப்பள்ளத்தை இடக்கைக்கான முகத்தில் அரத்தாலேயே எடுத்தார். சரிவை இடக்கைப் பக்கம் எடுத்து, கூரில் அரை மி.மீ. கனம் விட்டு வைத்தார். முழுக்கூர் எடுத்துவிட்டுக் காய்ச்சினால் ஓரம் வளையும்.

அதன்பின் மறுபடி காய்ச்சல். காந்தத்தில் ஒட்டாத நிலை ஏறத்தாழ 770 டிகிரி. அதையும் கொஞ்சம் தாண்டியதும் எண்ணெயில் முக்கி எடுத்தார். அப்போது கண்ணாடிபோல் உடையும் நிலையில் இருக்கும். வைக்கோல் நிறம் வரும்வரை இதமாகச் சூடாக்கிப் பதம் பார்த்தார். கடைசியாக நீர்க்கல்லில் கூர்.

இந்த வழியில் தலைகீழாக்கச் செலவு எவ்வளவு? 0 கிராம். சரிவைத் தொடங்கும் முன்பே “எந்தக் கை?” என்று கேட்டால், வலப்பக்கம் எடுப்பதும் இடப்பக்கம் எடுப்பதும் ஒரே உழைப்பு, ஒரே இரும்பு.

என் செலவுக் கணக்கு

என் நோட்டில் உள்ளபடி:

வலக்கைப் பட்டிங் கத்தி வாங்கியது: 380 ரூபாய்
சரிவைத் திருப்பச் சாணைக்கூலி: 120 ரூபாய்
புது அலகு அடித்து, பழைய பிடியில் பொருத்தக் கூலி: 450 ரூபாய்
மொத்தம்: 950 ரூபாய்

தொடக்கத்திலேயே ஆசாரியிடம் போயிருந்தால் அலகுக்கு 450 ரூபாய், பிடியும் வில்லும் செய்ய 200 ரூபாய் என்றார். ஆக 650 ரூபாய். அவசரத்துக்கு நான் கொடுத்த விலை 300 ரூபாய். அதோடு பட்டறைக்கும் சாணைக்கடைக்குமாக அலைந்த மூன்று அரைநாள்கள்.

இதை வருமானத்தோடு ஒப்பிட்டால்தான் பொருள் தெரியும். ஓர் ஒட்டுக்கன்று 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 450 ரூபாய் அலகு தன் விலையை மீட்க, வீணாகாமல் தப்பும் 9 கன்றுகள் போதும். நூறு கன்று ஒட்டினால் நூற்றுக்கு 9 என்ற வேறுபாடு. அதுவே ஐந்நூறு கன்று என்றால் நூற்றுக்கு 2 கூட வேண்டாம்.

ஒட்டுக் கணக்கு

ரப்பரில் மொட்டு ஒட்டும் முறை 1910களில் டச்சுக்காரர் ஆண்ட ஜாவா, சுமத்ரா பகுதிகளில் உருவானது. கோட்டயத்தில் 1955இல் தொடங்கிய இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980இல் வெளியிட்ட ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 ரகம் குமரித் தோட்டங்கள்வரை பரவியது. விதைபோட்டால் தாய்மரத்தின் குணம் அப்படியே வராது. மொட்டு ஒட்டினால்தான் வரும். அந்த ரகத்து மரம் ஒவ்வொன்றும் ஒரு கத்தி முனையைக் கடந்து வந்தது.

பழுப்பு ஒட்டில், பத்து மாதமும் அதற்கு மேலும் வளர்ந்த நாற்றில் ஒரு சன்னல் வெட்டுகிறோம்: சுமார் 5 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலம். இரு நெடுக்கு வெட்டு, ஒரு குறுக்கு வெட்டு, 11.5 செ.மீ. தாய்க்கொம்பில் மொட்டைச் சுற்றி நாலு பக்கமும் வெட்டினால் 13 செ.மீ. ஆக ஓர் ஒட்டுக்கு 24.5 செ.மீ. வெட்டு. பிறகு மொட்டுப் பட்டையை மெல்லிய மரச் சீவலோடு எடுத்து, சீவலை உரித்து நீக்க வேண்டும். மொட்டின் உட்கண் பட்டையோடு வர வேண்டும். அது சீவலோடு போய்விட்டால் ஒட்டு பிடித்தாலும் முளை வராது. வலக்கைக் கத்தியை இடக்கையில் பிடித்தபோது நான் அதிகம் இழந்தது இங்கேதான்: அலகு குழிந்து ஓடியது, சீவல் தடித்தது, உரிக்கையில் உட்கண் பிய்ந்தது.

எத்தனை ஒட்டு வேண்டும்? 6.7 மீட்டருக்கு 3.4 மீட்டர் இடைவெளியில் நட்டால் எக்டேருக்கு 439 கன்று. நம் ஊர்க் கணக்கில் எக்டேருக்கு 247 சென்ட். என் 50 சென்டுக்கு 89 கன்று. நூற்றுக்கு 80 ஒட்டு பிடிக்கும் என்றால் 111 ஒட்டு கட்ட வேண்டும்; 70 பிடிக்கும் என்றால் 127. வேறுபாடு 16 நாற்று. அந்த 16 நாற்றுக்கும் பத்து மாதத் தண்ணீரும் உரமும் போட்டாகிவிட்டது. ஒட்டின்மேல் சுற்றிய பாலித்தீன் கட்டை அவிழ்த்துப் பார்க்க மூன்று வாரம் காத்திருந்த பிறகுதான் போனது தெரியும்.

கத்தி திரும்பும், மரம் திரும்பாது

எல்லா இடத்திலும் கருவியைத் திருப்பினால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. பால் வெட்டும் வேலை வேறு கணக்கு.

ரப்பர் மரத்தில் வெட்டு மேலே இடப்புறம் தொடங்கிக் கீழே வலப்புறம் இறங்க வேண்டும். ஒட்டு மரத்துக்குச் சரிவு 30 பாகை. பட்டைக்குள் பால் குழாய்கள் நேர் செங்குத்தாக ஓடுவதில்லை. 3 முதல் 5 பாகைவரை வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அவற்றைக் கூடுதலாக அறுக்கும். இடக்கைக்கு வசதி என்று வலமிருந்து இடமாக இறக்கினால், அதே நீள வெட்டில் அறுபடும் குழாய்கள் நூற்றுக்கு 6 முதல் 10 வரை குறையும். அவ்வளவுக்குப் பாலும் குறையும் என்பது என் கணக்கு. இங்கே பக்கம் பார்ப்பது மரம். அது யாருக்காகவும் மாறாது.

இடக்கைக்காரர் பால் வெட்டக் கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. வெட்டின் திசை மாறாது என்பதால், கத்தியின் வாயும் பிடியும் அவர் கைக்குச் சரியாக இருப்பது இன்னும் முக்கியம். 50 செ.மீ. சுற்றளவுள்ள மரத்தில் அரைச்சுற்று வெட்டின் நீளம் 28.9 செ.மீ. ஒரு விடியற்காலையில் 300 மரம் வெட்டினால் 86 மீட்டருக்கு மேல். அத்தனை நீளத்திலும் வளர்திசுவைத் தொடாமல், அதற்கு 1 மி.மீ. முன்புவரை போய் நிற்க வேண்டும். தொட்டால் மரம் முடிச்சிடும். புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். 86 மீட்டரை ஒரு மி.மீ. துல்லியத்தில் கடக்கும் கைக்கு, பொருந்தாத பிடியைக் கொடுப்பது நியாயமில்லை.

தீர்ப்பு

மூன்று வரியில் சொல்லலாம்.

சட்டைப்பைக் கத்தி என்றால்: மறுமுகத்தில் நகப்பள்ளம், தட்டை முகத்தில் சின்னச் சரிவு. சேதம் 0.2 கிராம். தாராளமாகச் செய்துகொள்ளுங்கள்.

பட்டிங் கத்தி என்றால்: வலக்கை அலகைத் திருப்ப வேண்டாம். 5.2 கிராமும் போகும், கத்தியும் போகும். சரிவு எடுக்காத அலகில் தொடங்குங்கள்.

உட்தகட்டுப் பூட்டுள்ள கத்தி என்றால்: இடக்கைக்காரர் வாங்க வேண்டாம்.

குலசேகரம், அருமனை, திருவட்டாறு வட்டாரத்தில் நாற்றங்கால் நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒட்டுக்கட்ட வரும் ஆளிடம் கூலி பேசுமுன் எந்தக் கை என்று கேளுங்கள். இடக்கை என்றால் ஒரு 650 ரூபாய்க் கத்தியை நாற்றங்கால் செலவில் எழுதுங்கள். பதின்மூன்று கன்று பிழைத்தால் அந்தக் காசு திரும்பிவிடும். 1984இல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்திலும், தனியார் தோட்டங்களிலும், ஒட்டுக்கட்டப் பயிற்சி கொடுக்கும் இடங்களிலும் கருவி வாங்கும் பட்டியலில் “இடக்கை” என்று ஒரு வரி சேர்ந்தால் போதும். பத்துக் கத்தி வாங்கினால் ஒன்று இடக்கைக்கு என்பதுதான் மேலே சொன்ன 10.6 சதவீதத்தின் நேர்ப்பொருள்.

இடக்கைப் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையின் கையை மாற்ற நாம் செலவிடும் ஆண்டுகளுக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை. கத்தியை மாற்ற ஆகும் செலவை நான் எழுதிவிட்டேன்: இரண்டு நாள், 650 ரூபாய், சேதம் 0 கிராம்.